கேபிள் ஒரு மேசைக்கு, கடல் இன்னொரு மேசைக்கா?

வங்கக் கடலில் தொலைத்தொடர்பு கேபிள் போடத் திட்டம் தீட்டும் அதிகாரிகளுக்கும், அதே கடலைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும்,

தனித்தனியாக எழுதிப் பார்த்தாயிற்று. அதனால் இந்த முறை இரண்டு மேசைக்கும் சேர்த்து ஒரே மடல்.

போன வருஷம் நான் அனுப்பிய மனு ஒன்றுதான், பிரதிகள் இரண்டு. வங்கக் கடலில் இனிமேல் போடும் கேபிள்களில் கடலடி அழுத்தத்தையும் அதிர்வையும் அளக்கும் உணரிகளைச் சேர்த்தே போடுங்கள் என்பதுதான் கோரிக்கை. முதல் அலுவலகம், "கேபிள்கள் தொலைத்தொடர்புச் சேவைக்கானவை, கடல் கண்காணிப்புக்கு உரிய துறையை அணுகவும்" என்று பதில் எழுதியது. உரிய துறை, "கேபிள் அமைப்பது இத்துறையின் வரம்புக்குள் வராது" என்று எழுதியது. இரண்டு கடிதத்திலும் முத்திரை சரியாக விழுந்திருந்தது, எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் விளங்கியது: கம்பி ஒருவர் கணக்கு, கடல் இன்னொருவர் கணக்கு. கம்பி கிடப்பது கடலில்தான் என்பது மட்டும் யார் கணக்கிலும் இல்லை.

அப்போதும் பேசாமல்தான் இருந்தேன். போன மாதம் துறைமுகத்தில் நடந்த மீனவர் கூட்டத்தில் ஓர் அதிகாரி மைக்கைப் பிடித்து, "சுனாமி மிதவைகளை அறுத்துப் போட்டதே நீங்கதானே, அப்புறம் எச்சரிக்கை வரலைன்னு எங்களைக் கேட்டா எப்படி?" என்று படகுக்காரர்களைப் பார்த்துக் கேட்டார். பஞ்சாயத்தார் உட்பட யாரும் வாய் திறக்கவில்லை. கடைசி வரிசையில் நின்றிருந்த நானும் திறக்கவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம் என்னுடையது. 2004 டிசம்பர் 26 காலை 6.29-க்குச் சுமத்ராவை ஒட்டிய கடலடியில் நிலம் பிளந்தது. எங்கள் கரையை அலை தொட்டபோது மணி ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இடையில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை, படகுகள் திரும்பும் நேரம். ஏலம் எடுக்கக் கரைக்குப் போயிருந்தாள் என் அக்கா. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். அவளும் அதில் ஒருத்தி. நான் அப்போது சென்னையில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பட்டறையில் சாலிடரிங் வைத்துக்கொண்டிருந்தேன். இந்தியப் பெருங்கடலுக்கென்று ஓர் எச்சரிக்கை அமைப்பே அன்று கிடையாது. அதற்காக யாரையும் இப்போது குற்றம் சொல்ல வரவில்லை.

அடுத்த வருஷமே ஆய்வுக் கப்பலில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். மிதவை இறக்குவது, ஏற்றுவது, பேட்டரி மாற்றுவது, நங்கூரம் கோப்பது. பதினேழு வருஷம் அதுதான் பிழைப்பு. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியபோது எங்கள் கப்பலில் கேசரி கிண்டினார்கள். அந்த மையத்தில் இருப்பவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. என் மனக்குறை, அவர்கள் கைக்குக் கடலிலிருந்து எது போய்ச் சேருகிறது என்பதைப் பற்றியது.

அது எப்படிப் போகிறது என்று இரண்டு மேசைக்கும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் தரையில் ஓர் அழுத்தமானி உட்கார்ந்திருக்கும். தலைக்கு மேலே இருக்கும் நீரின் எடையைப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை அளந்துகொண்டே இருக்கும். நடுக்கடலில் சுனாமி என்பது படகில் இருப்பவனுக்குத் தெரியவே தெரியாத ஒரு மெல்லிய ஏற்றம். சில சென்டிமீட்டர் இருக்கலாம். அதைக்கூட அந்தக் கருவி பிடித்துவிடும். பிடித்ததைக் கரைக்குச் சொல்வதில்தான் சிக்கல். கருவி ஒலியாக மேலே அனுப்ப வேண்டும், மேலே மிதக்கும் மிதவை அதைக் கேட்க வேண்டும், மிதவையின் பேட்டரியில் உயிர் இருக்க வேண்டும், ஆன்டெனா உடையாமல் இருக்க வேண்டும், செயற்கைக்கோள் வாங்கிக் கரைக்குத் தர வேண்டும். இவ்வளவுக்கும் அடிப்படை, மிதவையைப் பிடித்து வைத்திருக்கும் ஒற்றைக் கயிறு.

ஒரு பயணம் மறக்கவில்லை. நான்கு நாள் ஓடிப்போய் இடத்தைச் சேர்ந்தோம். மிதவை இல்லை. கச்சான் காற்று ஓய்ந்திருந்த காலம், கடல் தட்டு மாதிரி கிடந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒன்றுமே இல்லை. கப்பலிலிருந்து ஒலிச் சமிக்ஞை அனுப்பினோம். கீழேயிருந்து உடனே பதில் வந்தது, கூப்பிட்டதும் 'ம்' கொட்டுகிற பிள்ளை மாதிரி. நங்கூரத்தை விடச் சொன்னோம், கருவி மெல்ல மேலே வந்தது. துடைத்து, திறந்து, நினைவகத்தைப் படித்தோம். ஐந்து மாதம் ஒரு விநாடிகூடத் தவறாமல் அளந்து வைத்திருந்தது. ஐந்து மாதமும் அது சொன்னதைக் கேட்க மேலே ஆளில்லை. அந்த ஐந்து மாதத்தில் பெரிய நிலநடுக்கம் எதுவும் வராதது எங்கள் அதிர்ஷ்டம். யாருடைய திறமையும் அல்ல.

மீனவர்கள் அறுத்தார்களா? சில இடங்களில் ஆமாம், அதை மறைக்க மாட்டேன். நடுக்கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலில் சின்ன மீன் சேரும், அதைத் தேடிச் சூரை மீன் வரும், சூரையைத் தேடிப் படகு வரும். வந்த படகு மிதவையில் கயிற்றைக் கட்டும். தூண்டில் வரிசை நங்கூரக் கயிற்றில் சிக்கினால் அறுத்துக்கொண்டு போகும். சூரியப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆனால் வங்கக் கடலில் மட்டும் நடக்கும் கூத்து அல்ல இது. மிதவை போட்ட எல்லாக் கடலிலும் உலகம் முழுக்க இதே புலம்பல்தான். எங்கள் மிதவையில் கட்டிக் கிடந்த குமரி மாவட்டத்துத் தூண்டில் படகு ஒன்றின் தண்டலிடம், அதாவது படகை ஓட்டுகிறவரிடம், ஒருமுறை பேசினேன். "இது சுனாமி பாக்குற சாமானா? எங்ககிட்ட யாரும் சொன்னதில்லியே அண்ணே" என்றார். குளச்சலில் அவர் வீட்டிலும் இழப்பு. கயிற்றை அவரே அவிழ்த்தார், போகும்போது எங்களுக்கு இரண்டு சூரை கொடுத்துவிட்டுப் போனார். மீனைச் சேர்க்கிற பொருளை மீனவனுடைய கடலில் மிதக்கவிட்டு, அவன் வரக் கூடாது என்று நினைக்கிற வடிவமைப்பில் ஒரு கோளாறு இருக்கிறது. அந்தக் கோளாறுக்குத் துறைமுகத்தில் மைக் வைத்துத் திட்டு வாங்க வேண்டியவர்கள் படகுக்காரர்கள் அல்ல.

இந்தக் கயிறே தேவையில்லாத வழி ஒன்று உண்டு. கரையிலிருந்தே கேபிள். மின்சாரம் அதன் வழியே போகும், தகவல் அதன் வழியே வரும். பேட்டரி கிடையாது, மிதவை கிடையாது, செயற்கைக்கோளும் வேண்டாம். கனடா வான்கூவர் தீவின் போர்ட் அல்பெர்னியிலிருந்து சுமார் 800 கிலோமீட்டருக்கு ஒரு வளையம் போட்டு, 2009 டிசம்பரிலிருந்து பசிபிக்கின் அடியை நேரலையில் கேட்டுக்கொண்டிருக்கிறது. நெப்டியூன் என்று அதற்குப் பெயர். கரையில் 10,000 வோல்ட் நேர்மின்சாரம் ஏற்றுகிறார்கள்; கடலடியில் இருக்கும் கணுப்பெட்டிகள் அதை 400 வோல்ட்டாக இறக்கிக் கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. பழுதான கருவியை, தொலைவிலிருந்து இயக்கும் ரோபோ இறங்கித் தண்ணீருக்குள்ளேயே கழற்றி, வேறு மாட்டிவிட்டு வரும். வளையமாகப் போட்டதற்குக் காரணம், ஓர் இடத்தில் அறுந்தால் மறுபக்கம் வழியாக ஊட்டலாம் என்பது.

அமெரிக்காவின் ஓரிகன் கரையிலிருந்து போன இன்னொரு கேபிள், ஆக்ஸியல் என்ற கடலடி எரிமலையின் உச்சி வரை போகிறது. 2015 ஏப்ரலில் அது வெடித்தபோது ஒரே நாளில் 8,000-க்கும் மேற்பட்ட சிறு அதிர்வுகளும், தரை இரண்டு மீட்டருக்கு மேல் தாழ்ந்ததும் கரையில் அப்போதைக்கப்போதே பதிவாயின. கேபிள் இல்லாமல், தனக்குள்ளேயே பதிந்து வைக்கும் கருவிகளை மட்டும் நம்பியிருந்தால் அடுத்த கப்பல் போகும்வரை முழுச் சேதியும் தெரிந்திருக்காது.

ஜப்பானைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு சில ஆண்டுகளுக்குள் ஜப்பான் அகழியை ஒட்டி 150 நிலையங்களைச் சுமார் 5,500 கிலோமீட்டர் கேபிளில் கோத்துவிட்டார்கள். சுனாமியை 20 நிமிடம் வரை முன்கூட்டியே அறியலாம் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் ஊரில் கடற்கரையிலிருந்து பள்ளிக்கூடத்து மாடிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க 12 நிமிடம் ஆகிறது. நான் நடந்து பார்த்தேன்.

கேபிள் போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று சொல்கிற ஆள் இல்லை நான். கலிஃபோர்னியாவின் மான்டெரே வளைகுடாவில் 52 கிலோமீட்டர் கேபிளின் முனையில் ஒரு நிலையம் இருக்கிறது. 2008 பிப்ரவரியில் மின்சாரம் கொடுத்த சிறிது நேரத்திலேயே ஓர் இணைப்பானில் நீர் கசிந்து படுத்துவிட்டது. மேலே தூக்கி, சரிசெய்து, நவம்பரில்தான் மறுபடி இறக்கினார்கள். 900 மீட்டர் ஆழத்தில் ஓர் இணைப்பான் என்பது தண்ணீர்க் குழாய் வாஷர் சமாச்சாரம் இல்லை. அதோடு, கஜா மாதிரி புயலைக் கேபிள் சொல்லிவிடாது. அதற்கு வானிலை மிதவைகள் இருந்தே ஆக வேண்டும். மிதவைகளைக் கைவிடச் சொல்லி யாராவது இந்த மடலைக் காட்டினால், அது நான் எழுதியது இல்லை.

இனி, நம்முடைய கேபிளுக்கு வருகிறேன். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் வரையிலும் சுமார் 2,300 கிலோமீட்டர். 2018 டிசம்பர் இறுதியில் அடிக்கல் நாட்டி, 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைத்தார்கள். செலவு 1,224 கோடி ரூபாய். தீவு மக்களுக்கு அது பெரிய வரம். அங்கே செயற்கைக்கோள் இணைப்பை வைத்துக்கொண்டு பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தவன். ஆனால் வரைபடத்தை விரித்து, அந்தக் கேபிள் போகிற தீவு வரிசையையும் 2004-இல் நிலம் பிளந்த வரிசையையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். என் அக்காவைக் கொன்ற பிளவின் பக்கத்திலேயே ஒரு கம்பி கிடக்கிறது. அதில் சினிமா போகிறது, வங்கிப் பணம் போகிறது. கடல் என்ன செய்கிறது என்பது மட்டும் போகவில்லை.

2018-இல் உணரி வைத்த ரிப்பீட்டர்கள் (வழிநெடுக ஒளியைப் பெருக்கி அனுப்பும் பெட்டிகள்) கடையில் கிடைக்கவில்லை என்று சொல்வீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த யோசனைக்காக ஐ.நா. குடும்பத்தின் மூன்று அமைப்புகள் 2012-லேயே கூட்டுக் குழு அமைத்துவிட்டன. பின்னால் கருவி மாட்டிக்கொள்ள வசதியாகக் கிளைப்பெட்டிகளை வழியில் விட்டுப்போவதற்கு அன்றைக்கே தொழில்நுட்பம் இருந்தது. கேட்டிருந்தால் செய்திருப்பார்கள். கேட்க வேண்டியவர் இன்னொரு மேசையில் இருந்தார்.

பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்பது இந்த வேலையில் நடக்காது. ஆழ்கடல் கேபிள் பெருவிரல் பருமன்தான். உள்ளே முடி போன்ற கண்ணாடி இழைகள், சுற்றிலும் செம்பு, மேலே பாலிஎத்திலீன். அறுபது எழுபது கிலோமீட்டருக்கு ஒரு ரிப்பீட்டர். எல்லாவற்றுக்கும் ஒரே மின்னோட்டம், ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போகும், திருவிழா சீரியல் செட் மாதிரி. கூடுதலாக எது மாட்டினாலும் கரையில் ஊட்டும் மின்சாரக் கணக்கே மாறும். 25 வருஷத்துக்கென்று மூடி முத்திரையிட்ட பெட்டிகள் அவை. போட்ட பிறகு சேர்ப்பதென்றால் கப்பல் போய்க் கொக்கி போட்டு, அறுத்து, மேலே தூக்கி, ஒட்டுப்போட வேண்டும். வீடு கட்டுகிறவர்களுக்குத் தெரியும்: பூச்சு வேலைக்கு முன்னாலேயே பைப் பதித்துவிட வேண்டும்.

உணரி வைத்த கேபிள் கடையில் இல்லை என்ற சாக்கும் இன்றைக்குப் போய்விட்டது. போர்த்துகல் தன் நிலப்பரப்பையும் அசோரஸ், மதீரா தீவுகளையும் இணைக்கும் சுமார் 3,700 கிலோமீட்டர் வளையத்தைப் புதுப்பிக்கும்போது அழுத்தம், வெப்பம், அதிர்வு மூன்றையும் அளக்கும் உணரிகளோடுதான் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அவர்கள் இன்னும் 1755 லிஸ்பன் நிலநடுக்கத்தை மறக்கவில்லை. வனுவாட்டுவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் இடையிலும் அப்படி ஒரு கேபிள் திட்டம் உண்டு. வனுவாட்டுவின் மக்கள்தொகை நம் திருச்சி மாநகராட்சி அளவுகூட வராது.

எதற்கு இவ்வளவு என்று கேட்பீர்களானால், 2012 ஏப்ரல் 11-ஐ நினைவுபடுத்துகிறேன். விடுப்பில் ஊரில் இருந்தேன். சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம். தொலைக்காட்சியில் சொன்ன அடுத்த நிமிடம் ஊரே ஓடியது. பக்கத்து வீட்டுக் கிழவி ஓட முடியாமல் அடுப்படியில் உட்கார்ந்து, "வந்தா வரட்டும், என் மவன் போன தண்ணிதானே" என்றாள். மாலைக்குள் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள், பெரிய அலை வரவில்லை. நிலநடுக்க அளவு மட்டும் இருந்தால் 'வரலாம்' என்றுதான் சொல்ல முடியும். 'வரவில்லை, வீட்டுக்குப் போங்கள்' என்று சொல்ல நீரை அளந்தவன் வேண்டும். நாலு முறை வீணாக ஓடிய ஊர் ஐந்தாவது முறை ஓடாது. எங்கள் பையன்கள் இப்போதே அப்படித்தான் பேசுகிறார்கள். பிளவுக்குப் பக்கத்திலேயே அளவு இருந்தால் வரும் என்பதையும் வராது என்பதையும் சீக்கிரமாகச் சொல்லலாம்.

அந்தமான் கடலில் கண்காணிப்புக்கென்றே தனியாக ஒரு கேபிள் போடும் பேச்சு அடிபடுகிறது. நடந்தால் முதல் ஆளாகக் கை தட்டுவேன். ஆனால் அதைக் காரணம் காட்டித் தொலைத்தொடர்பு கேபிள்களை மறுபடி செவிடாகவே போட்டுவிடாதீர்கள்.

நான் கேட்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

வங்கக் கடலிலோ அந்தமான் கடலிலோ புதிதாகப் போடும், அல்லது புதுப்பிக்கும் எந்தக் கேபிளுக்கும், உணரிகளோ குறைந்தபட்சம் கிளைப்பெட்டிகளோ இல்லாமல் டெண்டர் விடக் கூடாது. டெண்டர் ஆவணத்தில் இரண்டு துறையும் கையெழுத்திட வேண்டும். சேர்க்க முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும்.

ஏற்கெனவே கிடக்கும் சென்னை–அந்தமான் கேபிளைத் தொடாமலேயே ஒன்று செய்யலாம். இழைக்குள் போகும் ஒளியில் ஏற்படும் நுட்பமான மாற்றங்களை வைத்தே நிலநடுக்கத்தை அறிய முடியும் என்று, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சிலி நாட்டுக்குப் போகும் கியூரி கேபிளில் செய்து காட்டி 2021-இல் ஆய்வு வெளியாகிவிட்டது. அதற்கு வேண்டியது கரை நிலையத்தில் ஏற்கெனவே இருக்கும் கருவியின் தரவு. அந்தத் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள். கடலில் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாத வேலை இது; இதற்கும் கோப்பு நகரவில்லை என்றால் பணம் ஒரு காரணமே இல்லை என்று எடுத்துக்கொள்வேன்.

இன்றைய தேதிக்கு வங்கக் கடலில் எந்தச் சுனாமி மிதவை உயிரோடு இருக்கிறது, எது ஊமையாகக் கிடக்கிறது என்பதைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்தின் அறிவிப்புப் பலகையிலும் மாதாமாதம் ஒட்டுங்கள். மிதவையின் மேலேயும் தமிழில் எழுதுங்கள்.

கேபிள் கரையேறும் இடத்தையும் வழியையும் முடிவு செய்யும் முன், அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்தாரை உட்கார வைத்துப் பேசுங்கள். எங்கே பார் (கடலடிப் பாறை) இருக்கிறது, எங்கே விசைப்படகு மடி வலை இழுக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். கேபிளை அதிகம் அறுப்பது நங்கூரமும் இழுவை மடியும் என்பது உங்களுக்குத் தெரியும். வழியை விட்டு விலகச் சொன்னால் மீன்பாடு குறைவதற்கும், வலை சிக்கிப் போனால் வலைக்கும் இழப்பீடு எழுத்தில் இருக்க வேண்டும். கரை நிலைய வேலைகளில் மீனவக் கிராமத்து டிப்ளமோ பிள்ளைகளுக்கு இடம் கொடுங்கள். தன் பிள்ளை வேலை பார்க்கிற கம்பியின் மேல் எவனும் மடி இழுக்க மாட்டான்.

துறைமுகக் கூட்டத்தில் சொன்ன பேச்சை, அதே துறைமுகத்தில், அதே மைக்கில் திரும்பப் பெறுங்கள்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை இருக்கிறது. அதுவரை விசைப்படகுக்காரர்கள் எல்லாரும் கரையில்தான் இருப்பார்கள். அதற்குள் இந்த மடலுக்குப் பதில் வேண்டும். இரண்டு கடிதம் வேண்டாம். ஒரே தாள், இரண்டு துறையின் கையெழுத்தோடு.

இப்படிக்கு,
முன்னாள் மிதவைத் தொழிலாளி ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்